நாட்களைப் பங்கிட்டால் நஃபகா தீருமா?

மணவிலக்குப் பெற்ற தாயும் தந்தையும் பிள்ளையை ஆளுக்குப் பாதி நாள் வைத்துக்கொள்வதென இசைந்துவிட்டால், அதன்பின் பிள்ளைச் செலவுக்கென ஒருவர் மற்றவருக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை என்றொரு கருத்து நம்மவரிடையே வேரூன்றி வருகிறது. படித்த இளைஞர்கள் இதைச் சொல்கிறார்கள். ஜமாஅத்துப் பெரியவர்கள் கேட்டுத் தலையசைக்கிறார்கள். பெண் வீட்டாரும், "வழக்கு விட்டது, வம்பு விட்டது" என்று கையெழுத்திட்டு எழுந்துவிடுகிறார்கள். நாள் சரிபாதி, ஆகவே செலவும் சரிபாதி என்பது கேட்பதற்கு நேர்மையான கணக்காகத்தான் தோன்றுகிறது. ஆயின் இது மார்க்கச் சட்டத்துக்கும் ஒவ்வாதது. நாட்டுச் சட்டத்துக்கும் ஒவ்வாதது. பள்ளிப் பிள்ளை போடும் கூட்டல் கழித்தலுக்கும் ஒவ்வாதது.

திருச்சியில் அண்மையில் நம் பார்வைக்கு வந்த ஓர் உடன்படிக்கைத் தாளைச் சொல்கிறோம். பேரும் மஹல்லாவும் வேண்டியதில்லை. தந்தை பாலக்கரைப் பக்கம் இருக்கிறார், கடை வைத்திருப்பவர். தாய் ஆற்றுக்கு அக்கரையில், திருவரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஒன்பது வயதில் ஒரு மகன். ஒரு ஞாயிறு அஸருக்குப் பிறகு அத்தா வீடு. அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு அம்மா வீடு. பெருநாள் இரண்டும் ஆளுக்கொன்று. பள்ளி விடுமுறை எப்படி, பாட்டிமார் எப்போது வந்து பார்ப்பது என்பதெல்லாம் பழுதின்றி எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவரின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும். கடைசி வரிதான் நம்மைத் தடுத்து நிறுத்தியது. பிள்ளையை இரு தரப்பாரும் சமமாகப் பராமரிப்பதால் செலவு வகையில் ஒருவர்மீது மற்றவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்கிறது அந்த வரி. அதனால் தந்தைக்குக் கிடைத்த விடுதலை எவ்வளவு, மகனுக்கு நேர்ந்த இழப்பு எவ்வளவு என்று அங்கே அமர்ந்திருந்தவர்களுள் ஒருவராவது கூட்டிப் பார்த்திருப்பாரா?

பிள்ளை இரு வீட்டிலும் வளர்வதை நாம் எதிர்க்கிறோம் என்று யாரும் கொள்ள வேண்டாம். மணவிலக்கு நடந்த மறுநாளே தந்தையின் முகம் மறந்துபோகும் பிள்ளைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பிள்ளையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தந்தையை வாசலில் நிறுத்தி வைக்கும் தாய்வீடுகளும் உண்டு. தந்தை தானே சோறூட்டி, தானே வீட்டுப்பாடம் பார்த்து, தானே தூங்க வைக்கும் வாரங்கள் ஒரு பிள்ளைக்குக் கிடைக்குமாயின் அது பெரும் பேறு. நம் வழக்கெல்லாம் அந்தக் கடைசி வரியோடுதான்.

கணக்கையே முதலில் பார்த்துவிடுவோம். அந்தக் குடும்பத்தின் வருமானம் நமக்கு வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக ஒன்றைக் கொள்வோம். தந்தைக்கு மாதம் 60,000 ரூபாய் வருகிறது, தாய்க்கு 20,000. பள்ளிக் கட்டணம், வேன், உணவு, உடை, மருந்து, வாடகையில் பிள்ளையின் பங்கு எல்லாம் சேர்த்து மாதம் 16,000 ஆகிறது. சரிபாதி என்றால் ஆளுக்கு 8,000. தாயின் வருமானத்தில் அது ஐந்தில் இரண்டு பங்கு. தந்தையின் வருமானத்திலோ ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே தொகைதான், ஒருவரிடம் அது கைச்செலவு, மற்றவரிடம் அது அடுப்பு. இதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டுவோரை என்னென்பது?

இன்னும் ஒரு படி போவோம். இந்த 16,000 முழுவதும் நாட்களோடு சேர்ந்து பிரிகிற செலவன்று. உணவும் பாலும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆகும்; அவை நாளோடு பிரியும். பள்ளிக் கட்டணம் அப்படிப் பிரியாது. ஜூன் மாதத்தில் யாரோ ஒருவர் அதை மொத்தமாகக் கட்ட வேண்டும். சீருடை, காலணி, பாடநூல், பல் மருத்துவர், கண்ணாடி ஆகியவையும் அவ்வாறே. இவற்றைக் கட்டுபவர் யார்? பள்ளியிலிருந்து செய்தி வருவது பெரும்பாலும் தாயின் கைப்பேசிக்கு. தலைவலி என்று பிள்ளை முதலில் சொல்வதும் அவரிடமே. நம் எடுத்துக்காட்டில், நாளோடு பிரியும் செலவு 10,000, பிரியாத செலவு 6,000 என வைத்துக்கொண்டால், தாய் தன் பாதியான 5,000-த்தோடு இந்த 6,000-த்தையும் சேர்த்து 11,000 செலவழிக்கிறார்; தந்தை 5,000-த்தோடு நின்றுவிடுகிறார். உடன்படிக்கை சொன்ன சரிபாதிகூட அங்கே நடப்பதில்லை.

வருமானம் 3-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும்போது செலவும் அந்த விகிதத்தில் போக வேண்டுமென்றால், தந்தையின் பங்கு 12,000. தாயின் பங்கு 4,000. தாயே கட்டணங்களைக் கட்டுவாராயின், தந்தை தம் வாரங்களில் செய்யும் 5,000-ம் போக, மாதந்தோறும் 7,000 தாயின் கையில் தர வேண்டும். தந்தையே கட்டணம் கட்டினால் அவர் செலவு 11,000 ஆகிவிடும். மீதம் தர வேண்டியது 1,000 மட்டுமே. "நான் வைத்திருக்கும் நாளில் நானே செலவழிக்கிறேனே, மறுபடியும் எதற்குக் கொடுப்பது?" என்று கேட்போருக்கு இதுவே விடை. இரண்டு முறை கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதத்தைக் கொடுக்கச் சொல்கிறோம்.

இரு வீட்டு வளர்ப்பு சிக்கனமானது என்பதும் வெறும் எண்ணமே. ஒரு கட்டில் இரண்டாகிறது. ஒரு மேசை இரண்டாகிறது. சீருடையும் ஓதும் ரெஹலும் இரண்டிரண்டு. புத்தகப் பை மட்டும் ஒன்றாகவே இருந்து, எந்த நாளும் எதிர் வீட்டில் மறந்து வைக்கப்படுகிறது. பாலக்கரைக்கும் திருவரங்கத்துக்கும் இடையே காவிரி ஓடுகிறது. சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைக்கும் பாலம் 2022-23-இல் பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தபோது, சென்னைப் புறவழிச் சாலையைச் சுற்றி ஆற்றைக் கடந்தவர்களுக்கு அந்த அலைச்சலின் விலை தெரியும். இரு கரையிலும் வீடுள்ள பிள்ளைக்கு அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படும்? உடன்படிக்கைத் தாளில் அதற்கு இடமே இல்லை.

நிற்க. மார்க்கம் என்ன சொல்கிறது என்பதற்கு வருவோம். நம் ஃபிக்ஹு நூல்களில் ஹிளானத் என்பது ஒன்று, நஃபகா என்பது வேறொன்று. பிள்ளையை மடியில் வைத்து வளர்க்கும் உரிமையும் பொறுப்பும் ஹிளானத். அப்பிள்ளையின் உணவு, உடை, உறையுளுக்கான செலவு நஃபகா. முதலாவதில் தாய்க்கே முதலிடம். ஹனஃபி மத்ஹபில் மகனுக்கு ஏழு வயது வரையிலும் மகளுக்குப் பருவமெய்தும் வரையிலும் அது தாய்க்குரியது என்பர். ஷாஃபிஈ மத்ஹபில் விவரமறியும் வயது வந்ததும் பிள்ளையின் விருப்பத்துக்கு இடமளிப்பர். திருச்சிப் பக்கத்து ராவுத்தர்களும் கடற்கரை ஊர்களின் மரைக்காயர்களும் இதில் வேறுபடலாம். நஃபகாவில் அவர்களிடையே வேறுபாடில்லை. பிள்ளைக்கென்று சொந்தச் சொத்து இல்லாதபோது, வசதியுள்ள தந்தையின்மீதே அச்செலவு சாரும். பிள்ளை தாயின் மடியில் முழு ஆண்டும் இருந்தாலும் சாரும். பாதி ஆண்டு இருந்தாலும் சாரும்.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 233-ஆம் வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. அதே மூச்சில், பிள்ளையைக் காரணம் காட்டித் தாய்க்கும் துன்பம் தரலாகாது, தந்தைக்கும் துன்பம் தரலாகாது என எச்சரிக்கிறது. அத்தலாக் அத்தியாயத்தின் 6, 7-ஆம் வசனங்கள், மணவிலக்குப் பெற்ற தாய் அப்பிள்ளைக்குப் பாலூட்டினால் அதற்குரிய கூலியைக் கொடுக்கச் சொல்கின்றன. வசதியுடையவன் தன் வசதிக்கேற்பவும் நெருக்கடியில் உள்ளவன் தனக்கு அருளப்பட்டதற்கேற்பவும் செலவிடச் சொல்கின்றன. வளர்ப்பது ஓர் உழைப்பு, அதற்குக் கூலி உண்டு என்ற எண்ணம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியானதன்று. நம் ஹனஃபி நூல்களில், இத்தா முடிந்த தாயின் வளர்ப்புக் கூலி, பிள்ளையின் நஃபகாவுக்கு அப்பால் தனியாகவே பேசப்படுகிறது. அளவுகோல் நாளன்று, வசதி. ஹிந்த் (ரலி) அவர்கள் தம் கணவரின் கைச்சுருக்கத்தை முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைக்கும் முறையாகப் போதுமானதை அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்த செய்தி ஆலிம்கள் வாயிலாக நாமெல்லாம் கேட்டதுதான். போதுமானது எவ்வளவு என்பதே அங்கே கேள்வி. பிள்ளை யார் வீட்டில் எத்தனை இரவு தூங்கியது என்பது அங்கே பேச்சில்லை.

இங்கேதான் நமக்கு ஆத்திரம் வருகிறது. விலக்குச் சொல்லும்போது ஷரீஅத்தைச் சொல்கிறார்கள். பிள்ளையின் வலீ நானே என்று உரிமை கொண்டாடும்போதும் ஷரீஅத்தைச் சொல்கிறார்கள். செலவுச் சீட்டு வந்ததும் ஷரீஅத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆணும் பெண்ணும் சமமென்ற புதிய நீதியை எடுத்து நீட்டுகிறார்கள். ஷரீஅத்தின்படி என்றால் செலவு தந்தையுடையது. வசதிப் பங்கின்படி என்றால் தந்தையுடையது பெரும்பங்கு. இரண்டில் எந்த வழியில் போனாலும் அந்தக் கடைசி வரி நிற்காது. இரண்டிலிருந்தும் தமக்கு இலாபமானதை மட்டும் கிள்ளி எடுத்துக் கட்டிய பந்தல் அது.

சம்பாதிக்கும் தாய் ஒன்றுமே தர வேண்டாமா என்று கேட்கலாம். நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். இன்றைய பெண் சம்பாதிக்கிறாள். தன் பிள்ளைக்குச் செலவழிக்காமல் எந்தத் தாயும் இருப்பதில்லை. அவளுடைய பங்கையும் கணக்கில் எழுதுவதில் குற்றமில்லை. எழுதினால்தான் அவள் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும். எழுதுவது அவள் வருமானத்துக்குத் தக்கதாக இருக்கட்டும்.

நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, போதிய வசதியிருந்தும் தன் பிள்ளையைப் பராமரிக்கத் தவறும் தந்தையை மாதத்தொகை கொடுக்கும்படி ஆணையிட வழிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு இருக்கிறது; சாரம் அதுவே. எல்லா மதத்தாருக்கும் பொதுவான பிரிவு இது. முன்னர் இதில் மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. 2001-இல் அது நீக்கப்பட்டது.

ஷா பானு தீர்ப்பை ஒட்டி 1986-இல் வந்த முஸ்லிம் பெண்கள் சட்டத்தில், பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்து இரண்டாண்டு வரை செலவு தருவது பற்றிய வாசகம் ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வயதுக்குமேல் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என வாதாடிய தந்தையர் இருந்தனர். 1997-இல் நூர் சபா காதூன் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. 1986 சட்டத்தில் சொல்லப்பட்டது தாயின் உரிமை. பிள்ளையின் உரிமை வேறு, அது தனித்து நிற்பது. வசதியுள்ள முஸ்லிம் தந்தை, பிள்ளைகள் உரிய வயதடையும் வரையும் பெண்மக்களுக்குத் திருமணமாகும் வரையும் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. நம் மார்க்கச் சட்டத்தையும் எடுத்துக்காட்டித்தான் அம்முடிவுக்கு வந்தது. பிள்ளையின் உரிமை தனித்து நிற்பது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். தனக்கு வேண்டாமென்று தாய் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைக்கு வேண்டாமென்று எழுத அவளுக்கு அதிகாரமில்லை. பிள்ளையின் பொருளை விட்டுக்கொடுக்க ஜமாஅத்துக்கும் இல்லை. அந்தக் கடைசி வரியின் கீழ் பத்துப் பேர் கையெழுத்திட்டிருந்தாலும் பிள்ளையின் உரிமை அப்படியே இருக்கிறது. குலா சான்றிதழையே ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் வழங்க முடியாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்ட பிறகு, பிள்ளையின் நஃபகாவைத் தள்ளுபடி செய்யும் தாளுக்கு என்ன வலிமை இருக்கப்போகிறது?

பாதிப்பாதிக் கட்சிக்காரர்கள் ஒரு தீர்ப்பை எடுத்துக் காட்டுவதுண்டு. 2013-இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஒரு பிள்ளை ஜனவரி முதல் ஜூன் முடியத் தந்தையிடமும், ஜூலை முதல் டிசம்பர் முடியத் தாயிடமும் இருக்கட்டும் என்று ஆணையிட்டது. கல்விச் செலவையும் பிற செலவுகளையும் இருவரும் சமமாக ஏற்கவும் சொன்னது. பார்த்தீர்களா என்கிறார்கள். பார்த்தோம். அங்கே நாட்களைப் பிரித்தது ஓர் ஆணை. செலவைப் பிரித்தது இன்னோர் ஆணை. நாள் பிரிந்ததனால் செலவும் தானே தீர்ந்துவிட்டது என்று நீதிமன்றம் கருதியிருந்தால் இரண்டாவது ஆணைக்கு வேலையே இல்லை. ஒருவர்மீது ஒருவருக்குப் பாத்தியதை இல்லை என்று அது சொல்லவுமில்லை. இருவர்மீதும் பாத்தியதையை ஏற்றித்தான் வைத்தது. தவிரவும், ஒரு குடும்பத்தின் வழக்கில் சொன்ன பங்கு எல்லாக் குடும்பங்களுக்கும் வார்ப்பாகாது.

வசதிக்கேற்ற பங்குக்குச் சான்று வேண்டுமானால் உச்சநீதிமன்றமே தந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு, தாயும் தந்தையும் வேலையிலிருந்த ஒரு வழக்கில், இரு பிள்ளைகளுக்கும் தலைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று நிர்ணயித்து, தந்தை இரண்டு பங்கும் தாய் ஒரு பங்கும் ஏற்க வேண்டும் என்றது. அது இந்துத் தம்பதியரின் வழக்கு, இந்துச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆனால் இரண்டுக்கு ஒன்று என்ற நியாயத்துக்கு மதம் ஏது? 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தபோதும், பிள்ளைகளின் கல்விச் செலவு இயல்பாகத் தந்தையைச் சார்ந்தது, தாயும் போதிய அளவு சம்பாதித்தால் விகிதப்படி பங்கிடலாம் என்றே உச்சநீதிமன்றம் கூறியது. இரு தரப்பாரும் தம் சொத்து, கடன், வருமானம் ஆகியவற்றை உறுதிமொழி ஆவணமாக வைக்க வேண்டுமென்றும், தொகை மனுப் போட்ட நாள் முதலே சேர வேண்டுமென்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வருமானத்தை வெளியே சொல்லாமல் பாதி என்று பேசி முடிப்பது யாருக்கு வசதி என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கூட்டு வளர்ப்புக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தையும் பிள்ளையின் நலனே முதன்மை என்ற நெறியையும் வைத்தே நீதிமன்றங்கள் காலம் தள்ளுகின்றன. நீதியரசர் ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 மே மாதம் தந்த 257-ஆவது அறிக்கையில் கூட்டுப் பராமரிப்பைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது. அதே அறிக்கையில் பிள்ளைச் செலவுக்கும் தனியே விதிகளை வகுத்தது. பதினெட்டு வயது வரை என்றும், தேவையானால் இருபத்தைந்து வரை நீட்டலாம் என்றும் சொன்னது. பத்தாண்டு கடந்தும் அது தாளிலேயே இருக்கிறது.

வெளிநாடுகளில் இக்கேள்வி பழையது. இங்கிலாந்தில் இருவரும் சரிசமமாகப் பராமரித்தால் அரசுக் கணக்கீட்டின்படி யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. நம் பாதிப்பாதிக்காரர்களுக்கு அது இனிக்கும். விளைவு என்ன? இன்னும் சில இரவுகள் கிடைத்தால் தொகை முழுவதும் போய்விடும் என்ற நிலையில், பிள்ளையின் இரவுகள் பேரப் பொருளாகின்றன. கனடாவிலும் 1997-இல் வந்த நெறிமுறைகள் நூற்றுக்கு நாற்பது நாள் என்ற ஒரு கோட்டைக் கிழித்தன. கோட்டைத் தொட்டால் கணக்கு மாறும். அங்கேயுள்ள உச்சநீதிமன்றம் 2005-இல் குறுக்கிட்டு, கோட்டைத் தொட்டதனாலேயே தொகை தானாகக் குறைந்துவிடாது. இரு வீட்டுக்கும் ஆகும் கூடுதல் செலவையும் இருவரின் வசதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக்கியது. ஆஸ்திரேலியாவில் இருவர் வருமானத்தையும் சேர்த்து, அதில் யாருடையது எத்தனை பங்கு என்று பார்த்து, அவரவர் நேரடியாகச் செய்யும் பராமரிப்பைக் கழித்து மீதத்தைக் கொடுக்கச் செய்கிறார்கள். நாம் மேலே போட்ட கணக்கின் சாயல் அது. சிங்கப்பூரில் நம்மவரின் மணவிலக்கு ஷரீஅத் நீதிமன்றத்தில் நடந்தாலும், பிள்ளைச் செலவுக்கான வழக்கு மகளிர் சாசனத்தின் கீழ்க் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போகிறது. திருச்சியிலிருந்து அங்கே போய் உழைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

வெளிநாடு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இதை விட்டுவிட முடியாது. பாதி நாள் என்று எழுதிக் கையெழுத்திட்ட தந்தை மறுமாதமே துபாய்க்கோ குவைத்துக்கோ விமானம் ஏறிவிடுகிறார். அவருடைய பாதி யாரிடம்? அறுபது வயதுக்கு மேற்பட்ட அவருடைய தாயிடம். முழங்கால் வலியோடு அந்த அம்மாள் பேரனைப் பள்ளி வேனுக்குக் கூட்டிப் போகிறார். பல வீடுகளில் அதுவும் இரண்டு மாதம்தான். பிறகு பிள்ளை முழு மாதமும் தாயிடமே வந்துவிடுகிறது. தாளில் மட்டும் பாதி நாள் இருக்கிறது. அந்தப் பாதியைக் காட்டிச் செலவு தள்ளுபடியும் இருக்கிறது. வளர்க்காத பாதிக்கு விலக்குக் கேட்பவரைத் தட்டிக் கேட்க ஒரு முத்தவல்லியும் முன்வருவதில்லை. இதைவிடத் துணிச்சலான மோசடியை நாம் கேட்டதில்லை.

பெண் வீட்டாரையும் விட்டுவிடுவதற்கில்லை. "அவன் காசில் என் பேரன் வளர வேண்டியதில்லை" என்று மார்தட்டும் நன்னாமார்கள் நம்மிடையே ஏராளம். ரோஷம் நல்லதுதான்; தம் பொருளில் காட்டும்வரை. பிள்ளைக்குத் தந்தை தரவேண்டியது பிள்ளையின் பொருள். அதில் ரோஷம் காட்டப் பாட்டனாருக்கு உரிமையில்லை. அவர் கண்மூடிய பிறகு, அந்தத் தாய் தனியார் பள்ளிச் சம்பளத்தில் அந்த ரோஷத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பாள். அண்ணன் தம்பிகள் வீட்டில் அவளுக்கு எத்தனை நாள் இடம் என்பதை நாம் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

ஆகவே திருச்சி மஹல்லாக்களில் இனி எழுதப்படும் தாள்களில் நாட்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் செலவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கட்டும். இருவரின் வருமானத்தையும் சான்றோடு முதலில் எழுதட்டும். பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, மருத்துவச் செலவுச் சீட்டை எத்தனை நாளில் மற்றவருக்கு அனுப்புவது, அவர் எத்தனை நாளில் தம் பங்கைச் செலுத்துவது என்பதைக் குறிக்கட்டும். கணக்குப் பார்த்து வரும் மீதத்தை மாதத்தின் இந்தத் தேதிக்குள் வங்கி வழியே அனுப்ப வேண்டும் என்று எழுதட்டும்; கையில் கொடுத்தேன், வாங்கவில்லை என்ற சச்சரவு அதோடு ஒழியும். தந்தை மூன்று மாதத்துக்கு மேல் ஊரில் இல்லாவிட்டால் பாதி நாள் கணக்கு செல்லாது, செலவு புதிதாகக் கணிக்கப்படும் என்ற வரியையும் மறக்க வேண்டாம். எழுதியதை அப்படியே ஜமாஅத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டாமல், திருச்சிக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்து ஆணையாகப் பெற்றுக்கொள்வது மேல். ஆணை இருந்தால்தான், தவணை தவறும்போது பிடியாணை கேட்க முடியும். நிலுவை விழுந்து ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும் என்பதும் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டியது.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வழியில்லையே என்பார் சிலர். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாராமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை, எதிர்த் தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த அறுபது நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

முன்னரே அந்தக் கடைசி வரியில் கையெழுத்திட்டுவிட்ட தாய்மார்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. அந்த வரி பிள்ளையைக் கட்டுப்படுத்தாது; பிள்ளையின் பெயரால் இன்றும் மனுப் போடலாம். ஆணை பெற்ற பிறகு வருமானமோ விலைவாசியோ மாறினால், தொகையை மாற்றக் கேட்க 146-ஆவது பிரிவு இருக்கிறது. தந்தையின் கடை நொடித்துப் போனால் அவரும் அதே பிரிவின் கீழ்க் குறைக்கக் கேட்கலாம். திருவரங்கத்து அந்தப் பையன் அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறான். கட்டணச் சீட்டு வருவதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன; மனுப் போட அந்த அவகாசம் தாராளம்.